லீவில் இருக்கும்போது ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டால்? விதிகள் என்ன, நீங்கள் என்ன செய்யலாம்?

மூன்று மாதத்துக்கு முன்பே டிக்கெட் போட்டு, மேனேஜரிடம் லீவு வாங்கி, குடும்பத்தோடு அந்தமானில் வந்து இறங்குகிறீர்கள். இரண்டாவது நாளே போனில் ஒரு மெசேஜ் வருகிறது: "லீவுல இருக்கீங்கன்னு தெரியும், ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் பேசலாமா?"

பதில் சொல்லியே ஆக வேண்டுமா? சொல்லாவிட்டால் வேலைக்கு ஆபத்தா? "உடனே கிளம்பி வா" என்றால் டிக்கெட் காசை யார் தருவது? வேலை பார்த்த நாள் லீவுக் கணக்கில் திரும்ப வருமா?

இந்தக் கேள்விகளுக்கு இந்தியாவில் ஒரே பதில் கிடையாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1972-லிருந்து தெளிவான விதி இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை. நீங்களும் உங்கள் நிறுவனமும் எழுத்தில் என்ன பேசி வைத்திருக்கிறீர்களோ, பெரும்பாலும் அதுதான் விதி. பலரும் எதையுமே பேசி வைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

அந்தமானை ஏன் உதாரணமாக எடுக்கிறோம்?

புரோத்ராபூர், தெற்கு அந்தமானில் உள்ள ஒரு சிறு நகரம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரை ஒட்டி இருக்கிறது. இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. சென்னையிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு இது சுற்றுலா ஊர். இங்கே பிறந்து சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்ப்பவர்களுக்கு, வருஷத்தில் ஒருமுறை அப்பா அம்மாவைப் பார்க்க வரும் சொந்த ஊர். இரண்டு தரப்புக்கும் லீவு பாதியில் உடைந்தால் நஷ்டம் அதிகம். அதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், தூரம். கொடைக்கானலில் இருக்கும்போது கூப்பிட்டால் ராத்திரி பஸ் பிடித்துக் காலையில் சென்னை வந்துவிடலாம். புரோத்ராபூரிலிருந்து பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம், கப்பலில் சுமார் மூன்று நாள். "உடனே வா" என்றால் அன்றைய விலைக்கு விமான டிக்கெட் வாங்குவதுதான் வழி.

இரண்டாவது, வெளிச்சம். அந்தமான் கிழக்கே வெகு தூரத்தில் இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுகிறது. அதனால் டிசம்பரில் மாலை 5 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக. சென்னை ஆபீஸ் மாலை 4 மணிக்கு வைக்கும் "சின்ன கால்" இங்கே கடற்கரையில் கழிக்க வேண்டிய கடைசி ஒரு மணி நேரத்தை அப்படியே விழுங்கிவிடும். படகுப் பயணத்திலும் இதே கதைதான். ஸ்வராஜ் தீவுக்கு, அதாவது பழைய ஹேவ்லாக்குக்குப் போகும் அன்று காலை 11 மணிக்கு ஒரு மீட்டிங் என்றால், நடுக்கடலில் சிக்னலை நம்பி உட்கார முடியாது. படகை விட்டால் அந்த நாளே போச்சு. ஆபீஸ் கணக்கில் அது ஒரு மணி நேரம், குடும்பத்தின் கணக்கில் ஒரு முழு நாள்.

மூன்றாவது, கேபிள். சில வருஷம் முன்பு வரை அந்தமானின் இணையம் செயற்கைக்கோளை நம்பி இருந்தது. "அங்க நெட்டே வராது" என்று சொன்னால் ஆபீசில் நம்புவார்கள், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் நரேந்திர மோதி, சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஆப்டிகல் ஃபைபர் கேபிளைத் தொடங்கி வைத்தார். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கேபிள் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளுக்குப் போகிறது.

தீவில் இருக்கும் மாணவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இது பெரிய விடுதலை. லீவில் வந்தவர்களுக்கு மட்டும் ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டது. முன்பு தூரமே ஒரு வேலியாக இருந்தது. இப்போது அந்த வேலியை நீங்கள்தான் போட வேண்டும்.

அரசு ஊழியரைத் திரும்ப அழைத்தால் என்ன விதி?

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1972-ம் ஆண்டின் மத்திய சிவில் பணிகள் (விடுப்பு) விதிகள் பொருந்தும். அதில் இரண்டு விதிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விதி 7, விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்கிறது. பொதுச் சேவையின் தேவை கருதி, விடுப்பு தரும் அதிகாரி அதை மறுக்கலாம், கொடுத்ததை ரத்தும் செய்யலாம். படிக்கும்போது கொஞ்சம் கடுமையாகத்தான் தெரியும்.

ஆனால் விதி 23, அந்த அதிகாரத்துக்கு ஒரு விலை வைக்கிறது. விடுப்பு முடியும் முன்பே ஒருவரைப் பணிக்குத் திரும்ப அழைத்தால், அது எல்லா நிலையிலும் கட்டாய அழைப்பாகவே கருதப்படும். அவர் இந்தியாவுக்குள் விடுப்பில் இருந்தால், பணியிடத்துக்குக் கிளம்பும் நாளிலிருந்தே பணியில் இருப்பதாகக் கணக்கு. அந்தப் பயணத்துக்குப் பயணப்படி உண்டு. பணியில் சேரும் வரை விடுப்புச் சம்பளமும் உண்டு. வெளிநாட்டில் இருந்து அழைத்தால், இந்தியா திரும்பும் பயணச் செலவை அரசே ஏற்க வேண்டும். விடுப்பில் பாதிகூட முடிவதற்குள் கிளம்ப வேண்டியிருந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, போன பயணத்தின் செலவும் திரும்பக் கிடைக்கும்.

ஒரு உதாரணம். சென்னையில் வேலை பார்க்கும் மத்திய அரசு ஊழியர் ஒருவர் பத்து நாள் ஈட்டிய விடுப்பில் புரோத்ராபூர் வந்திருக்கிறார். ஐந்தாம் நாள் திரும்ப அழைக்கிறார்கள், ஆறாம் நாள் கிளம்புகிறார். அந்த ஆறாம் நாளிலிருந்து அவர் பணியில் இருப்பதாகக் கணக்கு. மிச்ச நாட்கள் அவருடைய விடுப்புக் கணக்கிலேயே இருக்கும். திரும்பும் பயணத்தின் செலவு அவர் தலையில் விழாது.

சுருக்கமாகச் சொன்னால், அரசுக்குக் கூப்பிடும் அதிகாரம் இருக்கிறது, ஆனால் கூப்பிட்டால் அதற்கான கணக்கையும் அரசே தீர்க்க வேண்டும். நிஜமான அவசரங்களில் இந்த அதிகாரம் பயன்படுவதைப் பார்த்திருக்கிறோம். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில், லீவில் இருந்த துணை ராணுவப் படையினரைத் திரும்ப அழைக்க மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. மருத்துவர், மின்வாரிய ஊழியர், காவலர் போன்றவர்களின் வேலையிலும் இந்த அவசரம் உண்டு. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை ரிலீசும் அதே வகை அவசரமா என்பதுதான் கேள்வி.

தனியார் நிறுவனத்தில் வேலை என்றால்?

லீவு எத்தனை நாள் என்று சட்டம் சொல்கிறது. கொடுத்த லீவை நடுவில் உடைத்தால் என்ன ஆகும் என்று சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இருக்கிறது. அதன்படி 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, அடுத்த 12 மாதத்தில் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை உண்டு. அதை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். இது தவிர, நோய்க்காக 12 நாள் வரையும், நியாயமான வேறு காரணங்களுக்காகத் தற்செயல் விடுப்பாக 12 நாள் வரையும் உண்டு. விடுமுறை கேட்டு மறுக்கப்பட்ட நிலையில் ஒருவர் வேலையை விட்டுப் போனால், அந்த நாட்களுக்கான பணத்தை நிறுவனம் தர வேண்டும். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்பின் 32-வது பிரிவு ஆண்டு விடுப்பைப் பற்றியது. ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் வேலை செய்தாலே இந்த விடுப்புக்குத் தகுதி வந்துவிடும். வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. மிச்சமானதை அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரை கொண்டுபோகலாம்.

இந்தப் பிரிவில் ஒரு வரி உங்களுக்கு முக்கியம். நீங்கள் விடுப்புக்கு விண்ணப்பித்து, நிறுவனம் அதைத் தராமல் விட்டால், மறுக்கப்பட்ட அந்த நாட்களை இந்த 30 நாள் வரம்பு இல்லாமல் கொண்டுபோகலாம். அதனால் லீவு கேட்பதும் எழுத்தில் இருக்க வேண்டும், மறுப்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். டீக்கடையில் நின்று "இந்த மாசம் வேணாம்டா, ரிலீஸ் இருக்கு" என்று மேனேஜர் சொன்னதும், நீங்கள் தலையாட்டியதும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

இந்தப் பிரிவு "தொழிலாளர்" என்று சட்டம் வரையறுப்பவர்களுக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதில் வரமாட்டார்கள். தொழில்நுட்ப வேலை செய்பவருக்குச் சம்பள உச்சவரம்பு இல்லை. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டிருப்பது மட்டும் போதாது. நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் தொழிலாளர் நீதிமன்றங்கள் பார்க்கும்.

"தொடர்பைத் துண்டிக்கும் உரிமை" இந்தியாவில் உண்டா?

இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலே, வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புகளையும் மின்னஞ்சல்களையும் தவிர்க்கும் உரிமை கோரி மக்களவையில் 2018-ல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2025 டிசம்பரில் மீண்டும் கொண்டுவந்தார். ஆனால் தனிநபர் மசோதா ஒன்று இந்தியாவில் கடைசியாகச் சட்டமானது 1970-ல். அதனால் இந்த மசோதாவை ஒரு விவாதத்தின் தொடக்கமாகப் பார்க்கலாம், கையில் இருக்கும் உரிமையாக நினைக்க முடியாது.

மற்ற நாடுகள் வேறு வேறு வழிகளில் போயிருக்கின்றன. பிரான்ஸில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் இதைப் பற்றி ஊழியர் தரப்புடன் பேச வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் தொடர்புக்குப் பதில் தராமல் இருக்கலாம். மறுப்பது நியாயமற்றதாக இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. சிறு நிறுவனங்களுக்கு இது ஓராண்டு கழித்து வந்தது.

லீவைப் பாதியில் உடைப்பது பற்றி நேரடியாகப் பேசும் நாடுகளும் உண்டு. ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2000 ஜூன் 20 அன்று தந்த தீர்ப்பில், கொடுத்துவிட்ட லீவிலிருந்து ஊழியரைத் திரும்ப அழைக்க முடியாது, "கூப்பிட்டால் வருகிறேன்" என்று முன்கூட்டியே எழுதி வாங்கினாலும் அது செல்லாது என்றது. போலந்தின் தொழிலாளர் சட்டம், லீவு தொடங்கியபோது எதிர்பார்த்திராத சூழ்நிலை வந்தால் மட்டுமே கூப்பிடலாம் என்கிறது. அப்போதும், கூப்பிட்டதால் நேரடியாக ஏற்பட்ட செலவை நிறுவனமே தர வேண்டும்.

போலந்தின் விதியையும் நம் ஊர் அரசு ஊழியர் விதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் சாரம் ஒன்றுதான்: கூப்பிட்டவர் செலவை ஏற்க வேண்டும். தனியார் நிறுவனத்தில் நீங்கள் கேட்க வேண்டியதும் இதுதான். இது வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்த கோரிக்கை இல்லை. நம் அரசு தன் ஊழியர்களுக்குத் தருவதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள்.

"நான் இல்லாம ஆபீஸ் ஓடாது" என்பது உண்மையா?

இதற்கு ரிசர்வ் வங்கியிடம் ஒரு பதில் இருக்கிறது. கருவூலம் உள்ளிட்ட முக்கியமான பொறுப்புகளில் இருக்கும் வங்கி ஊழியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஒரே தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாட்கள் கட்டாய லீவில் போக வேண்டும். 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, இந்த லீவை முன்கூட்டியே சொல்லாமல் கொடுக்க வேண்டும் என்றது. அந்த நாட்களில் அலுவலக மின்னஞ்சலைத் தவிர வேலை தொடர்பான எந்த வசதியையும் அந்த ஊழியர் நேரிலும் தொடக்கூடாது, கணினி வழியாகவும் தொடக்கூடாது.

இது ஊழியருக்கு ஓய்வு தருவதற்காக வந்த விதி அல்ல. ஒருவர் கண்ணில் படாமல் இருக்கும்போதுதான் மறைந்திருக்கும் மோசடியும் தவறும் வெளியே வரும் என்பது கணக்கு. ஆனால் இதில் எல்லா ஆபீசுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கோடிக்கணக்கில் பணம் கைமாறும் இருக்கையே பத்து நாள் ஆளில்லாமல் ஓட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எதிர்பார்க்கிறது. உங்கள் டீம் ஐந்து நாள் ஓடவில்லை என்றால், அது உங்கள் திறமைக்கான சான்று ஆகாது. அந்த நிறுவனத்தின் வேலை ஒரே ஒரு ஆளின் தலைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதைப் புரிந்துகொண்ட நிறுவனங்களும் உண்டு. ட்ரீம்11 நிறுவனம், ஒரு வார லீவில் இருக்கும் சக ஊழியரை வேலைக்காகத் தொடர்புகொள்பவருக்கு சுமார் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தது 2022 டிசம்பரில் பெரிய செய்தியானது. எந்த ஒரு ஆளையும் நிறுவனம் அளவுக்கு மேல் நம்பி இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதும் அதன் நோக்கம் என்றார்கள். ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் 2014-ல், லீவில் இருப்பவருக்கு வரும் மின்னஞ்சலைத் தானாகவே அழித்துவிடும் வசதியைக் கொண்டுவந்தது. அனுப்பியவருக்கு, வேறு யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று பதில் போகும். ஊழியர் திரும்பி வரும்போது இன்பாக்ஸ் நிரம்பி வழியாது.

கிளம்பும் முன் என்ன செய்யலாம்?

அந்தமான் மாதிரி தூரமான இடத்துக்குப் போகும்போது, குறைந்தது ஒரு வாரம் முன்பே கீழே உள்ளவற்றைச் செய்துவிடுங்கள்.

1. லீவு ஒப்புதலை மின்னஞ்சலிலோ எச்.ஆர் போர்ட்டலிலோ வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் மேனேஜர் போட்ட தம்ஸ்-அப் போதாது.

2. பொறுப்பு மாற்றுக் குறிப்பு ஒன்று எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். என்ன வேலை நடந்துகொண்டிருக்கிறது, எதை யார் பார்ப்பார், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த முடிவை உங்களைக் கேட்காமலே எடுக்கலாம். கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். பாதி அழைப்புகள் தகவலுக்காக வருவதில்லை, அனுமதிக்காகத்தான் வருகின்றன.

3. "அவசரம்" என்றால் என்ன என்று முன்பே பேசுங்கள். சர்வர் நின்றுபோய் வாடிக்கையாளர் வேலை முடங்குவது அவசரம். பிரசன்டேஷனில் மூன்றாவது ஸ்லைடின் கலர் அவசரம் இல்லை. அவசரத்தில் உங்களைக் கூப்பிட ஒரே ஒருவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

4. செலவைப் பற்றி ஒரு வரி எழுதி வாங்குங்கள். இப்படி எழுதலாம்: "லீவின்போது நேரில் வரச் சொல்லும் நிலை வந்தால், பயணச் செலவையும் ரத்தாகும் முன்பதிவுகளின் செலவையும் நிறுவனம் ஏற்கும், அந்த நாட்கள் லீவுக் கணக்கில் திரும்பச் சேர்க்கப்படும் என்று எடுத்துக்கொள்கிறேன். மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்." சண்டை போடும் தொனி வேண்டாம், பயணத் தேதியோடு சேர்த்துச் சாதாரணமாக எழுதினால் போதும்.

5. பயணக் காப்பீடு எடுத்தால், பயணம் பாதியில் முடியும் பிரிவைப் படியுங்கள். உடல்நலக் குறைவு, குடும்பத்தில் மரணம் போன்றவற்றுக்குப் பணம் தரும் பாலிசி, ஆபீஸ் கூப்பிட்டதற்கும் தரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

லேப்டாப்பை எடுத்துப் போகலாமா?

ஆன்-கால் பொறுப்பு உங்களிடம் இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் வீட்டில் வைத்துவிட்டு வருவது நல்லது. "என்கிட்ட லேப்டாப் இல்ல, போன்லயே சொல்லிடறேன்" என்ற ஒரே வாக்கியம், இரண்டு மணி நேர வேலையைப் பத்து நிமிஷமாகச் சுருக்கிவிடும்.

புரோத்ராபூர் மாதிரி ஊர்தான் உங்கள் சொந்த ஊர் என்றால் நிலைமை கொஞ்சம் வேறு. விமானக் கட்டணம் கொடுத்து மூன்று நாளுக்காக வருவது கட்டுப்படியாகாது. அதனால் பலரும் நான்கு நாள் லீவு, ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை என்று கலந்து வருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த நாள் லீவு, எந்த நாள் வேலை என்பது காலண்டரில் தனித்தனியாக இருக்கட்டும். இரண்டையும் கலந்துவிட்டால் பதினொரு நாளும் வேலை நாளாகிவிடும். அம்மா சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டுக் காத்திருப்பார், நீங்கள் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

அழைப்பு வந்துவிட்டது. இப்ப என்ன பண்றது?

முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது நான் திரும்பும் வரை காத்திருக்க முடியுமா? பொறுப்பு மாற்றுக் குறிப்பில் இருக்கும் நபரிடம் கேட்டாயிற்றா? என்னிடமிருந்து தேவைப்படுவது தகவலா, முடிவா, உழைப்பா?

தகவல் என்றால் ஒரு மெசேஜில் முடித்துவிடுங்கள். முடிவு என்றால், அதை எடுக்கும் அதிகாரத்தை அங்கே இருப்பவருக்கு எழுதிக் கொடுங்கள். உழைப்பு என்றால், அது லீவு நாள் இல்லை, வேலை நாள். அதை அப்போதே பதிவு செய்யுங்கள்: "இன்று கேட்டுக்கொண்டபடி மூன்று மணி நேரம் வேலை செய்தேன். இதற்கு அரை நாள் லீவைத் திரும்பச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்."

தவிர்க்கவே முடியாத கால் என்றால், நேரத்தை நீங்கள் சொல்லுங்கள். அந்தமானில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. சூரியன் சீக்கிரம் மறைந்துவிடுவதால், மாலை 6 மணிக்கு மேல் வெளியே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. சென்னையில் அது இன்னும் ஆபீஸ் நேரம்தான். "ஆறரைக்கு அரை மணி நேரம் இருக்கேன்" என்று சொன்னால், பகல் முழுக்கக் குடும்பத்துக்கு, இருட்டிய பிறகு ஆபீசுக்கு. வீட்டாரிடமும் அந்த நேரத்தைச் சொல்லிவிடுங்கள். எப்போது முடியும் என்று தெரியாத வேலைதான் கூட வந்தவர்களை அதிகம் சோர்வாக்கும்.

நேரில் வரச் சொன்னால், போனில் "சரி" என்று சொல்லாதீர்கள். மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். யார் கூப்பிடுகிறார், ஏன், எந்தத் தேதிக்குள், செலவு யாருடையது என்ற நான்கும் அதில் இருக்கட்டும். குடும்பம் முழுவதும் கிளம்ப வேண்டியதில்லை. நீங்கள் மட்டும் போய், மற்றவர்கள் திட்டப்படி இருந்துவிட்டு வர முடியுமா என்றும் யோசியுங்கள்.

மறுக்கலாமா?

ஒப்புதல் பெற்ற லீவில் இருப்பது, சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருப்பது ஆகாது. அந்த ஒப்புதல்தான் உங்கள் முதல் பாதுகாப்பு. ஆனால் நிறுவனம் எழுத்து மூலம் லீவை ரத்து செய்து, நீங்கள் பதிலே போடாமல் இருந்தால், அதை அனுமதியில்லாத விடுப்பு என்று பதிவு செய்ய இடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால் போனை அணைத்து வைப்பதைவிட, காரணத்தோடு ஒரு பதில் போடுவது பாதுகாப்பானது: "இன்று விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. வயதான பெற்றோர் உடன் இருக்கிறார்கள். இங்கிருந்தே மாலை 6.30 முதல் 7.30 வரை உதவ முடியும்." இப்படி ஒரு மாற்று வழியோடு வரும் மறுப்பை யாரும் கீழ்ப்படியாமை என்று சொல்வது கடினம்.

புதிதாகச் சேர்ந்து இன்னும் பணி உறுதி ஆகாதவர்கள், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், அப்ரைசல் நெருங்குபவர்கள் இதைக்கூடச் சொல்லத் தயங்குவார்கள். அது புரிந்துகொள்ளக் கூடியதுதான். அப்படியென்றால் வேலையைச் செய்துவிடுங்கள், ஆனால் மணிக்கணக்கையும் தேதியையும் குறித்து வையுங்கள். மறுக்க முடியாதவர்களாலும் கணக்கு வைக்க முடியும்.

திரும்பி வந்த பிறகு

முதல் வாரத்திலேயே எச்.ஆர் போர்ட்டலில் லீவு நாட்களைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். மாதம் கடந்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எல்.டி.ஏ வாங்குபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, நான்கு ஆண்டுத் தொகுதியில் இரண்டு பயணங்களின் போக்குவரத்துக் கட்டணத்துக்கு வரி விலக்கு உண்டு. ஆனால் அது விடுப்பில் சென்ற பயணத்துக்கு. அந்த நாட்கள் எல்லாம் "வீட்டிலிருந்து வேலை" என்று மாற்றப்பட்டுவிட்டால் உங்கள் கோரிக்கை கேள்விக்குள்ளாகலாம். எனவே வேலை பார்த்த நாளை மட்டும் மாற்றக் கேளுங்கள், மொத்த லீவையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நீங்களே ஒரு டீம் லீட் என்றால்

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பலர் கூப்பிடப்படுபவர்கள். சிலர் கூப்பிடுபவர்கள். இரண்டுமாக இருப்பவர்களும் உண்டு. "பாவம், தொந்தரவு பண்றோம்" என்று தயங்கிக்கொண்டே நாமும் அந்த மெசேஜை அனுப்பிவிடுகிறோம். அனுப்பும் முன் குறிப்பைத் தேடுங்கள், பக்கத்து இருக்கையில் கேளுங்கள். நாளை மறுநாள் சொன்னாலும் போதும் என்றால், மின்னஞ்சலை அவர் திரும்பும் நாளுக்கு ஷெட்யூல் செய்யுங்கள். கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால், அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "இன்னைக்கு அரை நாள் உங்க லீவுல திரும்பச் சேர்த்துடறேன்."

அதைச் சொல்ல எந்தச் சட்டமும் வரும் வரை காத்திருக்க வேண்டாம். டீம் லீட் சொன்னாலே அது நடந்துவிடும்.